இருபத்தைந்தாம் தாள்

ஜூலை 14, திங்கள்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, தென்றல் நகர் இரண்டாம் விரிவாக்கத்தில் மாவு மில் நடத்திவரும் அங்கயற்கண்ணி பணிவன்புடன் எழுதிக்கொள்வது. வணக்கம். தங்களது ஜூன் மாதக் கடிதம் என் கைக்குக் கிடைத்து இருபத்துநான்கு நாட்கள் ஆகின்றன. மறுமொழி எழுதத் தாமதமானதற்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். மில்லின் மோட்டார் எரிந்துபோய், அதைச் சரிசெய்யும் அலைச்சலில் நாட்கள் ஓடிவிட்டன. தாங்கள் கேட்டிருந்த மூன்று மாதிரிக் கையெழுத்துகளையும் படிவத்தில் இட்டு இணைத்துள்ளேன். இருபத்தைந்து தாள்கள் கொண்ட புதிய காசோலைப் புத்தகம் ஒன்றினை மேற்கண்ட முகவரிக்கு அஞ்சலில் அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ளது இன்று வங்கிக்கு அனுப்பிய கடிதத்தின் படி. எந்தக் கடிதத்தை அனுப்பினாலும் அதன் படியை இந்த நாட்குறிப்பில் எழுதி வைப்பது என் வழக்கம். தெருவில் குடிநீர்க் குழாய்க்கும் முதியோர் உதவித்தொகைக்கும் எழுதிக்கொடுத்த மனுக்களெல்லாம் பழைய நாட்குறிப்புகளில் இருக்கின்றன. இங்குள்ளவர்கள் என்னை 'மனு அக்கா' என்கிறார்கள். கேலியாகச் சொல்பவர்களும் மனு வேண்டுமென்றால் என்னிடம்தான் வருகிறார்கள்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மாவு டின்களுக்கு அடியில் விரிக்கும் செய்தித்தாளைப் படித்துப் படித்தே எழுத்துக் கூட்டினேன். முப்பத்தொன்பதாம் வயதில் தனியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினேன். அப்போது என் மகள் எழிலரசி மூன்றாம் வகுப்பு. அவளது சிலேட்டில் பாதி எனக்கு, பாதி அவளுக்கு. என் கையெழுத்தைக்கூட அந்தச் சிலேட்டில்தான் வடிவமைத்தேன்: முழுப்பெயர், கடைசி எழுத்தின் சுழி கீழே இறங்கி, பெயர் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி, முதல் எழுத்தைத் தொடும். இதைப் பார்த்துப் போட இனி ஒருவர் பிறந்துதான் வரவேண்டும்.

ஜூலை 29, செவ்வாய்

பகல் மூன்று மணிக்குத் திடீர் மழை. நனைந்தபடி அஞ்சல்காரர் தவசி மில்லுக்கு வந்தார். சட்டைக்குள் வைத்திருந்த உறையை எடுத்து நீட்டினார். வங்கியின் காசோலைப் புத்தகம். உறையின் ஒரு பக்கம் ஊறி, விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது.

"ஓரம் நைஞ்சுபோச்சுக்கா. உள்ள ஒண்ணும் ஆகல. பிரிச்சு, எண்ணிப் பாத்துட்டு வாங்கிக்கங்க" என்றார்.

ஆடி மாதத்தில் புதுக் கணக்கைப் பிரிப்பதில்லை, ஆவணி பிறக்கட்டும் என்றேன்.

"செக்கு புத்தகத்துக்குமாக்கா ஆடி?" என்று சிரித்தார். அரைக்க நின்றிருந்த பெண்களும் சிரித்தார்கள். புது இயந்திரம் வாங்கப்போகும் பணம் அந்தப் புத்தகத்தின் வழியாகத்தான் போகவேண்டும். அதைச் சிரிப்புக்காக ஆடியில் பிரிக்க முடியாது.

என் கை முழுவதும் மிளகாய்த்தூள். கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்த எழில்தான் வழக்கம்போலப் பெற்றுக்கொண்டதற்கான தாளில் என் பெயரைப் போட்டாள். தவசியும் வழக்கம்போல, "அப்படியே அக்கா போட்ட மாதிரியே இருக்கு தங்கச்சி" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆடியில் இந்த ஒரு நாள் விலக்கு. காசோலைப் புத்தகத்தை உறையிலிருந்து எடுத்தேன். தாள்களைப் பிரிக்காமல், கட்டாக இறுகப் பிடித்துக்கொண்டு, நான்கு ஓரங்களிலும் மஞ்சள் குழைத்துத் தடவினேன். அட்டையில் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகை சுற்றி, பூஜை அலமாரியில் வைத்தேன். நானே வாங்கிக் காயவைத்து, நானே அரைத்த விரலி மஞ்சள் அது. பட்ட இடத்தை லேசில் விடாது.

தேங்காய்ச் சாதம், புளியோதரை, தயிர்ச் சாதம் மூன்றும் செய்தேன். எழில் எதையும் தொடவில்லை. அவளது கைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. கம்பெனி விளம்பர அழைப்புகள் என்றாள். விளம்பரத்துக்கு ஏன் மாடிக்குப் போய்ப் பேச வேண்டும் என்று கேட்டேன். இங்கே மில் சத்தம் என்றாள். இன்று மில் ஓடவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

எழிலுக்கு ஜவுளிக்கடையில் அரை நாள் விடுப்பு. தலைவலி என்றாள். ஆனாலும் கடைத்தெருவுக்குப் போய்க் காய்கறி வாங்கிவந்தாள். தேங்காய் வாங்கச் சொன்னதை மறந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

மூன்று நாட்களாக அவள் கைபேசி அலறவில்லை. நேற்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். என் கைபேசியில் நிறைய வேண்டாத செய்திகள் சேர்ந்திருந்தன என்று அவளே உட்கார்ந்து அழித்துக் கொடுத்தாள். ஆங்கிலச் செய்திகளை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகிறது. அவள் இருப்பது வசதி.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி இரண்டு.

காலையில் குளித்துவிட்டு, இயந்திரக் கம்பெனிக்கு முன்பணம் எழுதக் காசோலைப் புத்தகத்தை எடுத்தேன். எழுதுமுன் சேமிப்புப் புத்தகத்தில் வரவு செலவைப் பதிந்துகொண்டு வரலாம் என்று வங்கிக்குப் போனேன். பதிவு இயந்திரம் அச்சடித்துத் துப்பிய பக்கத்தில் ஆகஸ்ட் ஆறாம் தேதி ஒரு வரி: நாற்பத்தெட்டாயிரம் ரூபாய், காசோலை வழியாக, ரொக்கமாக எடுக்கப்பட்டிருக்கிறது. நான் எழுதாத காசோலை.

பக்கத்துக் கவுன்ட்டரில் இருந்தவர் எண்ணைப் பார்த்து, இது புதிய புத்தகத்தின் இருபத்தைந்தாவது தாள், கடைசித் தாள் என்றார். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து எண்ணினேன். இருபத்துநான்கு. மறுபடி எண்ணினேன். கடைசித் தாள் இருந்த இடத்தில் தையலோரம் மெல்லிய பல்போலக் கிழிசல் மட்டும் நின்றது.

துணை மேலாளர் ஓர் இளம்பெண். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். கடைசித் தாளை உருவுவதுதான் திருடர்களின் பழக்கமாம். முதல் தாள் இல்லையென்றால் உடனே தெரிந்துவிடும், கடைசித் தாள் இல்லாதது தெரியப் பல மாதம் ஆகுமாம். ஐம்பதாயிரத்துக்குக் குறைவாக எடுத்ததும் யோசித்துச் செய்ததாம். அதற்கு மேல் போனால் கேள்வி கேட்பார்கள். "புத்தகம் வந்ததும் எண்ணிப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். ஆடி மாதம் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

குறுஞ்செய்தி எனக்கு வரவில்லை என்றேன். அனுப்பியதாகக் கணினி காட்டுகிறது என்றார்கள்.

மீதித் தாள்களை முடக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் என் பக்கமாக மெதுவாக வந்த ஒவ்வொரு இருசக்கர வண்டியும் என்னைத் தொடர்வதாகத் தோன்றியது. என் பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் யாரோ ஒருவரின் பையில் இருக்கின்றன.

எழிலிடம் சொன்னேன். சோற்றில் கையை வைத்தபடி அப்படியே இருந்தாள். பாவம், பயந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எல்லாம் தெளிவாகிவிட்டது. கிழிந்த உறை. விரல் நுழையும் ஓட்டை. 'எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அவனாகவே முந்திக்கொண்டு சொன்ன சாமர்த்தியம். என் கையெழுத்தை நான்கு ஆண்டுகளாகப் பதிவுத் தாள்களில் பார்த்துவருபவனும் அவன்தான்.

அஞ்சல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு மனு. படியிலிருந்து ஒரு பகுதி:

'...மக்கள் தம் வாழ்வின் அந்தரங்கங்களை நம்பிக்கையோடு ஒப்படைக்கும் புனிதமானதொரு துறையின் சீருடைக்குள் கயமை புகுந்திருக்குமாயின், எளியோர் எவரை நம்பி உறையின் வாயை ஒட்டுவது? மழையின் மீது பழியைச் சுமத்தி, உறையைச் சிதைத்து, அதனுள்ளிருந்த காசோலைத் தாளைக் கவர்ந்த அவ்வஞ்சகச் செயலைத் தாங்கள் தயவுதாட்சண்யமின்றி விசாரிக்க வேண்டுமெனக் கோருகிறேன்...'

மூன்று பக்கம் வந்தது. இதைவிட நன்றாக நான் எழுதியதில்லை.

மாலையில் தவசி வந்தான். என் கடிதங்களையெல்லாம் அவனிடம் கொடுத்துப் பதிவு செய்வதே வழக்கம். இந்த உறையையும் அவன் கையிலேயே கொடுத்தேன். கொண்டுபோய்ச் சேர்க்கிறானா பார்ப்போம். முகவரியைப் படித்துவிட்டு, "எங்க ஆபீசருக்கேவாக்கா? தெரு விளக்கு விசயமா?" என்றான். ஆமாம் என்றேன்.

எழில் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

அஞ்சல் பெட்டிக்குப் பூட்டு வாங்கினேன். தெருக்கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள். அழிக்க முடியாத மை கொண்ட பேனா ஒன்று. தொகை எழுதிய பிறகு மீதி இடத்தில் கோடிழுக்க வேண்டும் என்று துணை மேலாளர் சொல்லியிருக்கிறார். பழைய காசோலை அடிக்கட்டைகளை அடுப்பில் போட்டேன். பகலிலும் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன். அரிசி அரைக்க வந்தவர்கள் மில்லுக்கு லீவு என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வங்கியிலிருந்து அழைத்தார்கள். அந்தக் காசோலையின் மூலத்தாளைப் பார்த்து, கையெழுத்து என்னுடையது அல்ல என்று எழுதித்தர வேண்டுமாம்.

கண்ணாடி உறைக்குள் போட்டு மேசைமேல் வைத்தார்கள். கையெழுத்தைப் பார்த்தேன். முழுப்பெயர். கடைசிச் சுழி கீழே இறங்கி, சுற்றிவந்து, முதல் எழுத்தைத் தொடுகிறது. நானே போட்டதுபோல இருந்தது. துணை மேலாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளின் மூன்று ஓரங்களிலும் ஏதோ மங்கிய கறை. வங்கி ஊழியர்கள் மேசையிலேயே சாப்பிடுகிறார்கள். சாம்பார் பட்டிருக்கும்.

பணம் எடுத்தவர் முகம் கேமராவில் பதிவாகியிருக்கும், காவல் நிலையத்திலிருந்து கடிதம் வாங்கிவந்தால் காட்டுகிறோம் என்றார். திங்களன்று நான்தான் அதைக் கேட்டுச் சத்தம் போட்டிருந்தேன். இன்று, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். காவல் நிலையம் தூரம். மில்லைப் பூட்டிவிட்டு அலைய முடியாது.

எழுதித்தர வேண்டியதையும் இன்னொரு நாள் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். எங்கள் பேருந்துகள் மூன்று போய்விட்டன.

வீட்டுக்கு வந்து, எழில் வேலையிலிருந்து திரும்புமுன், அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து இருபத்துநான்கு தாள்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று எழுதத் தேவையில்லை.

மில்லுக்குப் புது பெல்ட் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இரண்டாவது தாழ்ப்பாளைப் போடுவதை நிறுத்திவிட்டேன். பீரோ சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். குளிக்கும்போதும் கழற்றவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை மாவுக்கு மில்லில் கூட்டம். அந்தக் கூட்டத்தில்தான் செய்தி வந்தது: தவசியை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். 'மனு அக்கா மனு போட்டா சும்மாவா' என்று யாரோ என்னைப் புகழ்ந்தார்கள். மாவைச் சலிக்கிற சத்தத்தில் காதில் விழாததுபோல இருந்துகொண்டேன்.

இன்று புதிய ஆள் ஒருவர் வந்து பக்கத்துத் தெருக் கடிதங்கள் நான்கை எங்கள் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

எழிலின் கைபேசி மறுபடி அடிக்கத் தொடங்கியிருக்கிறது.

செப்டம்பர் 1, திங்கள்

தவசியின் மனைவி பேச்சி, குழந்தைக்குக் கேப்பை அரைக்க வந்தாள். வழக்கமாக வருபவள்தான். இன்று வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. வரிசையில் நின்ற ஒருத்தி, "செக்கு புத்தகத்த உள்ள வையுங்கக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். பேச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முறை வந்ததும் தூக்குவாளியை என்னிடம் நீட்டினாள். மாவு விழுந்ததும் தணிந்த குரலில் சொன்னாள்:

"அந்தக் கவர அவரு கையிலயே குடுத்து விட்டீங்களாம்லக்கா. மறுநாள் காலைல மொத வேலையா ஆபீசுல சேத்தாரு. அக்கா பெரிய கவரு குடுத்திருக்கு, நம்ம தெருவுக்கு லைட்டு வந்துரும்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு."

அரைவைக் கூலியை வாங்க மறுத்தேன். கல்லாப்பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கொண்டுபோய்ச் சேர்க்கிறாரா பார்ப்போம் என்று நான்தானே எழுதியிருக்கிறேன். சேர்த்துவிட்டார்.

செப்டம்பர் 3, புதன்

கண்காணிப்பாளர் அலுவலகத்திலிருந்து கடிதம். உறை எந்த நிலையில் கிடைத்தது, தாள் குறைவது எப்போது தெரிந்தது, தவசியின் மீது சந்தேகப்பட என்ன ஆதாரம் என்று ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பதினைந்தாம் தேதி விசாரணையை முடித்து, அவர் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிடுவார்களாம்.

ஆதாரம். அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

எழுதவில்லை.

செப்டம்பர் 6, சனி

மல்லி, சீரகம், மிளகு, வறுத்து ஆறவைத்து அரைத்தாயிற்று. ஐந்து கிலோ. எழில் சாப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பாராமல் ஒரு வீட்டுக்குள் நடக்கப் பழகிவிட்டோம். அவளது வலது கையை நான் பார்ப்பதில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை ஆறு மணி. எழில் குளித்துக்கொண்டிருந்தாள். கைபேசி கட்டிலில் கிடந்து அடித்தது. நின்றது. அடித்தது. பதினோராவது முறை எடுத்தேன்.

ஆண் குரல். மிகவும் மரியாதையான குரல். "அம்மாவா? நல்லதாப் போச்சு. உங்க பொண்ணு நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள கட்டலைன்னா, அவ போன்ல இருக்கிற நூத்தி எண்பது பேருக்கும் போட்டோ போகும்மா. மொதல்ல உங்களுக்கே ஒண்ணு அனுப்புறேன், பாத்துக்கங்க."

என்ன போட்டோ என்று கேட்குமுன் வைத்துவிட்டான். கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. முகம் என் மகளுடையது. உடல் என் மகளுடையது அல்ல. ஒரு தாய்க்கு அது தெரியும். ஆனால் நூற்றெண்பது பேருக்குத் தெரியாது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆகஸ்டில் நான் தாழ்ப்பாள் போட்டுக் காத்த வீட்டுக்குள், இவன் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருக்கிறான்.

தலையைத் துவட்டிக்கொண்டு எழில் வந்தாள். என் கையில் கைபேசியைப் பார்த்தாள். சுவரோடு சாய்ந்து, எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

அவள் சொன்னது: மே மாதம், கணினிப் படிப்புக்குக் கட்டணம் கட்ட, கைபேசிச் செயலி ஒன்றில் சிறு கடன் வாங்கியிருக்கிறாள். கேட்டால் மில்லுக்குப் புது இயந்திரம் வாங்க வேண்டும் என்பேன் என்று என்னிடம் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் இரட்டிப்பாகக் கேட்டார்கள். பிறகு படம் வந்தது.

"கட்டி முடிச்சாச்சும்மா. முடிச்ச பெறகும் கேக்குறாங்க."

"எதுல கட்டுன?"

ஈரத்தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ கேப்ப கேப்பன்னு இருந்தேம்மா" என்றாள். "பேங்க்குல பாத்துட்டு வந்த அன்னைக்கு, அலமாரில புத்தகத்தப் பிரிச்சபடியே வச்சிருந்த. மஞ்சளத்தான் பாத்திருப்பன்னு தெரிஞ்சு போச்சு. அன்னைக்கே கேப்பன்னு இருந்தேன். நீ பெல்ட்டு வாங்கணும்னு சொல்லிட்டுப் போயிட்ட."

நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு அழகாக ஒன்றும் இல்லை.

"போஸ்ட்மேன் அண்ணன் கையிலயே நீ அந்தக் கவரக் குடுத்த. நான் பாத்துக்கிட்டே நின்னேன். பெறகு உனக்கும் தெரிஞ்சுச்சு. நீயும் பாத்துக்கிட்டே இருந்த. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கையெழுத்துதாம்மா."

அடிக்கத்தான் கையைத் தூக்கினேன். அந்தக் கை அவள் தலையில் போய் இறங்கி, அங்கேயே நின்றது. துண்டை வாங்கித் துவட்டிவிட்டேன். இருவருமாக அழுதோம் என்று எழுதினால் அது முழு உண்மை அல்ல. அவள் அழுதாள். நான் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்: நாளைப் பன்னிரண்டு மணியை நினைத்து, பதினைந்தாம் தேதியை நினைத்து.

இனி மறைப்பதற்கில்லை. ஆகஸ்ட் 22 அன்று நான் பார்த்தது சாம்பார் அல்ல. அது என் மஞ்சள். உறையின் ஓட்டை வழியாக உருவியிருந்தால் அந்தத் தாளில் மஞ்சள் இருக்க வழியில்லை. நான் மஞ்சள் தடவிய பிறகு, என் பூஜை அலமாரியிலிருந்து கிழிக்கப்பட்ட தாள் அது. பதினேழு நாட்களாக எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலை பத்து மணிக்குள் இணையக் குற்றப் பிரிவுக்குப் போய்விட்டோம். எழில் வாசலில் தயங்கினாள். கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். அங்கிருந்த பெண் காவலர் படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். இந்த வாரம் நீங்கள் ஒன்பதாவது ஆள் என்றார். இனி ஒரு ரூபாய் கட்டாதே, எடுத்துப் பேசாதே, ஒன்றையும் அழிக்காதே என்று எழிலிடம் சொன்னார். உறவினர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள் என்று என்னிடம் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு சிறிய வாக்கியங்களை நான் பேசியதில்லை. 'எழில் முகத்த வச்சு பொய்ப் படம் அனுப்புறானுக. வந்தா அழிச்சிடுங்க.' அவ்வளவுதான். நாற்பது பேரிடம் பேசியபோது மணி பன்னிரண்டு ஆனது. படம் எட்டுப் பேருக்குப் போயிருக்கிறது. அதில் ஐந்து பேருக்கு முன்பே என் அழைப்பு போய்விட்டது. என் நாத்தனார் மட்டும் கேட்கக்கூடாத கேள்வி ஒன்றைக் கேட்டார். வைத்துவிட்டேன்.

பயம் போய்விடவில்லை. இப்போதும் கைபேசி அதிர்ந்தால் இருவரும் அதையே பார்க்கிறோம். ஆனால் சேர்ந்து பார்க்கிறோம்.

செப்டம்பர் 10, புதன்

தவசியின் வீட்டுக்குப் போனோம். நான் மட்டும் போகிறேன் என்றதற்கு எழில் சம்மதிக்கவில்லை.

தண்ணீர்க் கேன் இறக்கும் வேலைக்குப் போயிருந்தவர் பதினோரு மணிக்கு வந்தார். தோளில் துண்டு. எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். எழில்தான் சொன்னாள். தலையைக் குனியாமல், முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். பேச்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

கேட்டு முடித்ததும் அவர் முதலில் கேட்டது, "இப்ப போன் பண்றது நின்னுருச்சாம்மா?" என்பது. இன்னும் இல்லை என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "எண்ணிப் பாத்துட்டு வாங்குங்கன்னு சொன்னேன்லக்கா."

"சொன்னீங்க தவசி."

"இத்தன வருசம் ஒங்க கடுதாசி பூராம் நான்தான தூக்கிட்டுப் போனேன். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் அதற்குத் தலையசைக்கவில்லை. மறுக்கவும் இல்லை. பேச்சி உள்ளே போய்விட்டாள், தண்ணீர் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என்னால் குடித்திருக்க முடியாது.

கிளம்பும்போது சொன்னார்: "ஆபீசுக்கு எழுதிக் குடுங்க. ஆனா நல்லாப் புரியிற மாதிரி எழுதுங்கக்கா. போன மனுவ எங்க ஆபீசர் எனக்கு மூணு தடவ படிச்சுக் காட்டுனாரு. கடைசிலதான் அது என்னயச் சொல்லுதுன்னே வெளங்குச்சு."

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் வங்கிக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றேன். துணை மேலாளர் ஒன்றும் கேட்கவில்லை. புதிய புத்தகம் வேண்டுமா என்றார். வேண்டும், நேரில் வந்து எண்ணி வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

கண்காணிப்பாளருக்கு நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் பெரிய சொற்கள் தாமாக வந்து நின்றன. ஐந்தாவதை எழில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். 'உன் பேரையும் எழுதட்டுமா' என்று கேட்டேன். எழுது என்றாள். அனுப்பியதன் படி:

ஐயா, ஏழு நாள் கொடுத்திருந்தீர்கள். எட்டாம் நாள் எழுதுகிறேன். தவசி உறையை என்னிடம் கொடுத்தபோது அதில் இருபத்தைந்து தாள்களும் இருந்தன. எண்ணிப் பார்க்கச் சொன்னார். நான் எண்ணவில்லை. பிறகு தாள்களின் ஓரத்தில் மஞ்சள் தடவி என் வீட்டில் வைத்தேன். திருடுபோன தாளிலும் அந்த மஞ்சள் இருக்கிறது. அதை வங்கியில் யாரும் பார்க்கலாம். அதை எடுத்தவள் என் மகள் எழிலரசி. என் கையெழுத்தை அவளுக்குப் பழக்கியவள் நான். ஆகஸ்ட் 22 முதல் இது எனக்குத் தெரியும், பயத்தில் சொல்லவில்லை. தவசி மீது ஒரு குற்றமும் இல்லை. நான் அனுப்பிய மூன்று பக்க மனு முழுவதும் தவறு. அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். பதினைந்தாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது.

பதிலைத் தவசி கையில் கொடுத்து அனுப்புங்கள். சீக்கிரம் அனுப்புங்கள்.